மூன்றில் ஒரு பங்கு மனிதர்

மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. உங்கள் தலையில் இடி விழுந்த கதையை அவர்களிடம் சொல்லத் தொடங்கினால், வானம் இருட்டுவதற்குள் கையை உயர்த்தி, "சரி, விஷயத்துக்கு வாங்க" என்பார்கள். நீங்கள் விஷயத்தில்தான் இருக்கிறீர்கள். விஷயம் உங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே கறுத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நீங்கள் மழையைப் பற்றியும், குடை மறந்ததைப் பற்றியும், குடையை மறக்கவைத்த மச்சினனைப் பற்றியும் பேசுவது அவர்களுக்குப் பொறுக்காது. இவர்களுக்குச் சுருக்கர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சுருக்கர்கள் எங்கும் உண்டு. அலுவலக மேசைக்குப் பின்னால் உண்டு. மருந்துக் கடையில் உண்டு. கல்யாணமாகிப் பத்து வருடம் தாண்டிய வீடுகளில் கட்டாயம் ஒருவர் உண்டு. ஆனால் இந்த இனத்தின் சிகரம், இதற்காகவே பிறந்து, இதற்காகவே சம்பளம் வாங்கி, இதற்காகவே இரண்டு சிவப்புப் பேனாக்களைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நடமாடுகிற உத்தமர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பள்ளிக்கூடத்து மொழி ஆசிரியர். நான் சொல்லப்போகிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. எட்டாம் வகுப்பு வைத்த பெயர் புள்ளி சார்.

புள்ளி சார் இருபத்திரண்டு ஆண்டுகளாக இரண்டே வேலைகளைச் செய்துவருகிறார். முடிவில்லாமல் ஓடுகிற வாக்கியத்தைப் பிடித்து நிறுத்தி, இருக்கவேண்டிய இடங்களில் முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. நீளமான கட்டுரையை, அது தேனீயைப் பற்றியதோ எரிமலையைப் பற்றியதோ, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்லிக்கொடுப்பது மற்றொன்று. இரண்டும் நல்ல வேலைகள்தான். உப்பும் நல்ல பொருள்தான்.

அவர் வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த மாணவி ஒருத்தி, ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு எழுதிக் கொடுத்த விளக்கம் இது: 'நான் எழுந்தேன் பல் தேய்த்தேன் பால் பாத்திரம் கவிழ்ந்தது அம்மா கத்தினார் பூனை ஓடியது நான் இல்லை பூனைதான் என்றேன் யாரும் நம்பவில்லை பேருந்து போய்விட்டது அதனால் தாமதம்.'

என்ன ஒரு சோகம்! செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து, பேருந்தையும் விட்டுவிட்டு, அழுத கண்ணோடு நடந்தே வந்து சேர்ந்த ஒரு பச்சைக் குழந்தை! என்னிடம் கொடுத்திருந்தால் பன்னிரண்டு வாரம் தொடராக எழுதியிருப்பேன். புள்ளி சார் என்ன செய்தார்? எட்டுப் புள்ளிகள் காணவில்லை என்று கண்டுபிடித்தார். எட்டையும் வைத்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், அந்தப் பூனை..." என்றாள் அவள்.

"பூனைக்கப்புறம் புள்ளி. போய் உக்காரு."

வாக்கியம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரே மூச்சில் படி. மூச்சு முட்டுகிற இடத்தில் புள்ளி வை. நல்ல வழி. நீச்சல் போட்டியில் கோப்பை வாங்கிய மாணவி எழுந்து நின்று ஒன்றரைப் பக்கத்தை மூச்சு விடாமல் படித்து முடிக்கும்வரை நன்றாகவே வேலை செய்தது. வகுப்பு கைதட்டியது. புள்ளி சார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"நீ சளி பிடிச்சப்புறம் வந்து படி" என்றார்.

சுருக்கி எழுதுவதற்கு மூன்று விதிகள். கரும்பலகையின் வலது மூலையில், யாரும் அழிக்கக்கூடாது என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார். எண்களை நீக்கு. எடுத்துக்காட்டுகளை நீக்கு. திரும்ப வருவதை அடி. இந்த மூன்றாவது விதியைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். ஒரு விஷயத்தை ஒரு முறைக்கு மேல் சொல்கிறவனைப் போல மனித குலத்துக்கு எதிரி கிடையாது என்பது அவர் கட்சி. பாலம் கட்டிய வரலாற்றைப் பற்றிய முந்நூறு சொல் கட்டுரையை ஒரு மாணவி, 'ஆறு இருந்தது. பாலம் கட்டினார்கள். இப்போது நனைவதில்லை' என்று சுருக்கினாள். புள்ளி சார் அதை வகுப்புக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். ஆம், இரண்டு முறை.

"சார், இந்தக் கட்டுரை எழுதினவரு ஒரே விஷயத்த ஏன் சார் நாலு எடத்துல சொல்லியிருக்காரு?" என்று வாயாடி ஒரு தடவை கேட்டாள்.

"அவருக்கு எழுதத் தெரியல."

வகுப்பறையோடு போயிருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் சுருக்கர்கள் மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே யாரோ அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். பகலெல்லாம் சேர்த்துவைத்த பேச்சோடு காத்திருக்கிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

புள்ளி சாரின் மனைவி தையல்காரி. முன்னறையில் ஒரு தையல் இயந்திரம், சுவரோரம் துணிக் கட்டுகள், நூல்கண்டுகள் நிறைந்த ஒரு பிஸ்கட் டப்பா. கணவர் வேலை பார்க்கும் அதே பள்ளிக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள் அவள்தான். அவளுக்கு இரண்டு வருடங்களாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது.

"என்னங்க, கண்ணு சரியா தெரியலங்க" என்று முதல் தடவை சொன்னபோது அவர் பெரிய விளக்கு ஒன்று வாங்கி வந்து மாட்டினார். நல்ல கணவர்தான். இரண்டாம் தடவை சொன்னபோது, "விளக்குதான் போட்டாச்சே" என்றார். மூன்றாம் தடவையிலிருந்து, "இத நீ ஏற்கெனவே சொல்லிட்ட." அவ்வளவுதான். திரும்ப வந்ததை அடித்துவிட்டார்.

அவள் நீலத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினாள். ஒரு கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வைத்தாள். ஒரு நாள் மாலை, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மழைக்கோட்டைக் கணவர் என்று நினைத்து, "வந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்து, எதிர்க் கடையில் புதிதாகத் தையல் இயந்திரம் இறக்கியிருப்பதையும், அக்கா மகளுக்கு வேலை கிடைத்ததையும், தன் முழங்கால் வலியையும் பத்து நிமிடம் விவரமாகச் சொன்னாள். கோட்டு ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அன்று அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தாளாம். விஷயம் தெரிந்தபோதுதான் புள்ளி சாருக்கே சற்று உறைத்து, அவளைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

கண்புரை. முற்றிவிட்டது. வலது கண்ணுக்கு உடனே அறுவை செய்ய வேண்டும். அறுவை செய்யும் மருத்துவர் அந்த ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் வருவார். பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம். இருநூறு சீருடை தைக்க வேண்டும். இந்த வியாழக்கிழமை கண் திறந்தால் இருநூறும் அவளுக்கு. தவறினால் எதிர்க் கடைக்கு. இருபது வருடமாகக் கட்டிக் காத்த வேலை, ஒரு வியாழக்கிழமையின் நுனியில் தொங்கியது!

ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கட்டி, விவரங்களை வாங்கிவரப் புள்ளி சார் மட்டும் போனார். கவுண்டரில் இருந்த நர்ஸ் ஒரு பையையும் மூன்று பக்கத் தாளையும் நீட்டினாள்.

"சார், இதுல எல்லாம் எழுதியிருக்கு, இருந்தாலும் நான் வாயாலயும் சொல்லிடறேன், ஏன்னா பாதிப் பேரு படிக்காமலே வந்துடறாங்க, வந்து இங்க நின்னு எங்களத்தான் திட்டறாங்க, போன மாசம்கூட ஒரு பெரியவரு என்ன பண்ணாருன்னா..."

"சிஸ்டர், புள்ளி."

"என்னது சார்?"

"ஒரு வாக்கியம்னா எங்கயாவது முடியணும். எழுதியிருக்குன்னு சொன்னீங்கள்ல? நான் படிச்சுக்கறேன். படிக்கச் சொல்லிக் குடுக்கறதுதான் என் தொழிலே."

"அப்ப நல்லதாப் போச்சு சார்" என்றாள் அந்தப் புண்ணியவதி. அவளுக்கு வரிசையில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் மேசையில் தாளை விரித்தார். ஆகா! அறுநூற்று முப்பது சொற்கள். புனைவு இல்லை, கவிதை இல்லை, சுத்தமான தகவல் கட்டுரை. அவருடைய பேனா தானாகவே பையிலிருந்து எழுந்து வந்திருக்கும். மனைவியால் படிக்க முடியாது. படித்துக் காட்டினால் நீளம். ஆகவே அவளுக்காக அழகாகச் சுருக்கி, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தார். பாசத்தோடுதான் செய்தார். அதை நான் மறைக்க மாட்டேன்.

அந்தத் தாளில் ஒரு செய்தி ஐந்து இடங்களில் இருந்தது. தலைப்புக்குக் கீழே ஒரு முறை, முதல் பக்கத்தின் நடுவில் ஒரு முறை, இரண்டாம் பக்கத்தில் கட்டத்துக்குள் ஒரு முறை, மூன்றாம் பக்கத்தில் ஒரு முறை, கடைசியில் அடிக்கோடிட்டு ஒரு முறை. 'பையிலுள்ள சொட்டு மருந்தை அறுவைக்கு மூன்று நாள் முன்பிருந்து தினமும் நான்கு வேளை கண்ணில் விட வேண்டும். விடாமல் வந்தால் அறுவை நடைபெறாது.'

முதல் பக்கத்தில் இருந்த இரண்டையும் அடித்தார், பின்னால் மறுபடியும் வருகிறதே என்று. பின்னால் இருந்த மூன்றையும் அடித்தார், முன்னால் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று.

"பாரு இத" என்று மனைவியைக் கூப்பிட்டார். "ஒரே சமாச்சாரம் அஞ்சு எடத்துல! எழுதினவனுக்கு ஞாபக மறதி. என் கிளாஸா இருந்தா பத்துக்கு ரெண்டு."

"அஞ்சு தடவ சொல்றாங்கன்னா ஏதாவது இருக்கும்ங்க."

"இருக்கும். சோம்பேறித்தனம்."

சுருக்கம் தயாரானது. எண்ணிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு என்றால் இருநூற்றுப்பத்துச் சொற்கள் வேண்டும், இருநூற்றொன்பதுதான் வந்தது. ஒரு சொல் குறைகிறது! நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு, 'ஆஸ்பத்திரி வளாகம் தூய்மையானது' என்ற வரியில் 'மிகவும்' என்று சேர்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவி பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஞாயிறு மாலை! அடுத்த நாள் திங்கள், பிறகு செவ்வாய், பிறகு புதன். இன்னும் நேரம் இருக்கிறது. கையில் அது தட்டுப்பட்டும் விட்டது.

"என்னங்க, பையில குட்டியா ஒரு பாட்டில் இருக்கே, என்ன இது?"

புள்ளி சார் எழுந்து, தான் எழுதிய சுருக்கத்தை எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

"சுருக்கத்துல இல்ல."

"அப்ப?"

"அப்ப முக்கியமில்ல. அன்னிக்கு அவங்களே போட்டுப்பாங்களா இருக்கும். பத்திரமா எடுத்து வை."

பத்திரமாக எடுத்து வைத்தாள். கைக்குட்டையில் சுற்றி வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் அந்த நர்ஸ் பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, முத்திரை உடையாத பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, மூணு நாளா மருந்து விட்டீங்களா?"

"எந்த மருந்தும்மா?"

புள்ளி சார் முன்னால் வந்து சுருக்கத்தை நீட்டினார். நர்ஸ் முழுவதும் படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார். ஆஸ்பத்திரி மிகவும் தூய்மையானது, சரி. வண்டி நிறுத்தற எடம் இடது பக்கம், சரி. மருந்து எங்க சார்?"

"அது... அது திரும்பத் திரும்ப வந்துது."

"நீங்க பாக்கணும்னுதான் சார் திரும்பத் திரும்ப போட்டோம்!"

பின்னால் நின்ற வரிசையில் யாரோ சிரித்தார்கள். மருத்துவர் வெளியே வந்து, கேட்டு, தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மாதத்துக்குத் தேதி எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இதைவிடச் சுருக்கமாக யாராலும் செய்திருக்க முடியாது.

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நிறுத்தம் தாண்டியது. அவள் ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருஷமா சொல்றேன் கண்ணு தெரியல கண்ணு தெரியலன்னு, நீங்க ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே சொல்லிட்ட ஏற்கெனவே சொல்லிட்டன்னீங்க, ஏற்கெனவே சொன்னா அப்பவே கேட்டிருக்கணும்ல, கேட்டிருந்தா நான் ஏன் மறுபடி சொல்லப் போறேன், எனக்கென்ன வேற வேல இல்லையா, ஆசப்பட்டா ஒரே பேச்ச பேசறேன், பதில் வரல அதனால பேசறேன், அந்த ஆஸ்பத்திரியிலயும் அஞ்சு தடவ எழுதியிருக்காங்க, பாவம் அவங்களுக்கும் உங்கள மாதிரி எத்தன பேரத் தெரியுமோ, இப்ப எரநூறு சட்டையும் எதிர்க் கடைக்குப் போகப்போகுது, போகட்டும், அந்தக் கோட்டு கேட்ட அளவுக்காவது நீங்க கேட்டிருக்கலாம், இப்பகூட எங்க புள்ளி வைக்கலாம்னுதான பாத்துட்டிருக்கீங்க, எனக்குக் கண்ணுதான் தெரியாது, உங்க மூஞ்சி தெரியும்."

 கண்டக்டர் வந்து இறங்குமிடம் கேட்டபோது புள்ளி சார் விரலால் காட்டினார்.

மறுநாள் காலை, தலைமை ஆசிரியை அறைக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, சீருடை வேலையை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளே போனார்.

"மேடம், என் மனைவிக்குக் கண்ணுல புரை, நேத்து ஆபரேஷன் நடந்திருக்கணும் நடக்கல, அது என் தப்பு, மூணு பக்கம் குடுத்தாங்க நான் ஒரு பக்கமா ஆக்கிட்டேன், அதுல என்ன ஆச்சுன்னா அஞ்சு தடவ இருந்ததால ஒரு தடவகூட இல்லாம போச்சு, அவ இருவது வருஷமா நம்ம பசங்களுக்குத் தச்சிருக்கா மேடம், ஒரு பட்டன் விழுந்திருக்குமா சொல்லுங்க..."

"சார், விஷயம் என்ன?" என்றார் தலைமை ஆசிரியை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

 இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறருக்கு ஊட்டிய கஷாயம் முதல் முறையாகப் புள்ளி சார் தொண்டையில் இறங்கியது. ஆனால் அவர் போகவில்லை. மனிதர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் முறையும் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது அவர் கண் கலங்கியதாகவும், தலைமை ஆசிரியை கடிகாரத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்ததாகவும் அந்த அறைக்கு வெளியே இருந்த எழுத்தர் என்னிடம் சொன்னார்.

"நூறு எதிர்க் கடைக்குக் குடுத்துத்தான் ஆகணும் சார், அத மாத்த முடியாது" என்றார் தலைமை ஆசிரியை. "மீதி நூறு உங்க வீட்டம்மாவுக்கு. பள்ளி திறந்து பத்து நாள் கழிச்சுக் குடுத்தாலும் போதும்."

பாதி போயிற்று. பாதி தங்கிற்று.

அந்த ஒரு மாதமும் புள்ளி சார் தினமும் காலையில் பள்ளியில் நடந்த கோடைச் சிறப்பு வகுப்புக்குக் கிளம்புமுன் இருபது ஊசிகளில் நூல் கோத்து, வண்ணவாரியாக ஒரு பஞ்சுப் பொதியில் குத்தி, மனைவியின் வலது கைப் பக்கம் வைத்துவிட்டுப் போனார். துணியை வெட்டிக் கொடுத்தார். ஒரு தடவை தன் சட்டை நுனியையும் சேர்த்து வெட்டினார். மருந்துத் தாளைச் சுருக்காமல் சுவரில் ஒட்டினார். கடைசி மூன்று நாளும் நான்கு வேளையும் பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடிச் சொட்டு விட்டார். ஒவ்வொரு தடவையும், "விட்டாச்சா? விட்டாச்சா?" என்று இரண்டு முறை கேட்டார்.

"இப்பதாங்க விட்டீங்க!"

"இருக்கட்டும்."

அறுவை நடந்தது. கட்டைப் பிரித்தார்கள். அவள் கண்ணை மெல்லத் திறந்து, கூரையைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, கடைசியாக எதிரே நின்ற மனிதரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"என்னங்க, இவ்ளோ வயசாயிடுச்சா உங்களுக்கு?"

ஆக, புள்ளி சார் திருந்திவிட்டார் என்று முடிவு கட்டி மூக்கைச் சிந்தாதீர்கள். சுருக்கர்கள் திருந்துவதில்லை, விதியை மாற்றிக்கொள்வார்கள். கரும்பலகையின் கட்டத்துக்குள் இப்போது மூன்றாவது விதி, 'திரும்ப வருவதை ஒருபோதும் அடிக்காதே' என்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு அதை மனதார ஏற்றுக்கொண்டது. சென்ற வாரம் முந்நூறு சொல் கட்டுரைக்கு வாயாடி எழுதிய சுருக்கம் நானூற்றுப் பதினைந்து சொற்கள். புள்ளி சார் அதை முழுக்கப் படித்துவிட்டு, நீண்ட நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படிக்கிற இந்தக் கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து உங்களை ஒருவர் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நீங்கள் "ம்" என்றீர்கள். கொஞ்சம் கழித்து அதையே மறுபடி சொன்னார். நீங்கள், "ம், கேட்டுச்சு" என்றீர்கள்.

என்ன சொன்னார்?

தெரியாது, அல்லவா? புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்க் கேளுங்கள். முகத்தைச் சுளிப்பார், "எத்தன தடவ சொல்றது?" என்பார், பயப்படாதீர்கள். இன்னும் திட்டுகிறார் என்றால் இன்னும் சொல்வார். நீங்கள் பயப்படவேண்டியது வேறு ஒரு நாளுக்கு. அவர் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, உங்கள் "ம்"மைக் கேட்டுவிட்டு, அதோடு பேசாமல் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாரே, அந்த நாளுக்கு.